சித்தப்பாவின் மூன்று டை

எங்கள் குடும்பத்தில் ‘டை’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் இருந்த காரணத்தால், சித்தப்பாவின் மீசை ஒரு நவம்பர் மாதம் முழுவதும் காகத்தின் நிறத்தில் இருந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மா, அப்பா இருவருக்கும் ரொறன்ரோவில் பின்னேர வேலை. அதனால் பள்ளிக்கூட பஸ் என்னைப் பிக்கரிங்கில் சித்தப்பா வீட்டு வாசலில் இறக்கிவிடும். சித்தப்பா கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் காலை வேலை முடித்து, எனக்கு முன்னரே வந்துவிடுவார். பழமொழி இல்லாமல் தண்ணீர்கூடக் கேட்கத் தெரியாத மனிதர். தெரிந்த பழமொழி தீர்ந்துபோனால் சொந்தமாக ஒன்றைக் கட்டி, முன்னோர் தலையில் போட்டுவிடுவார்.

அவரோடு வேலை செய்தவர்கள் ஒவ்வொரு இலையுதிர் காலமும் வடக்கே மான் வேட்டைக்குப் போவார்கள். திரும்பி வந்து மாதக்கணக்கில் கதை சொல்வார்கள். சித்தப்பா பக்கத்து மெசினில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அந்த வருடம்தான் முதன்முதலாக ‘நீயும் வா’ என்றார்கள். “கூப்பிட்ட வீட்டுக்கு ஒருக்காப் போகாட்டி, அது கூப்பிடாத வீடாப் போயிடும்” என்றார் சித்தப்பா. இதுவும் முன்னோர் சொன்னதுதானாம்.

போவதற்கு இரண்டு தடைகள். அவர் வைத்திருந்தது யாரோ விற்ற பழைய துவக்கு. அதற்குரிய தோட்டா கடைகளில் இலேசில் அகப்படாது, தானே செய்துகொள்ளவேண்டும். மற்றத் தடை சின்னம்மா. துவக்கு லைசென்ஸுக்கு மனைவியின் கையெழுத்தும் கேட்டிருந்தார்கள். “கடதாசிக்குச் சுடுங்கோ, சீவனுக்குச் சுடக்கூடாது” என்று சொல்லித்தான் சின்னம்மா போட்டுக் கொடுத்தார். போதாக்குறைக்கு அந்த வருடம் கந்தசஷ்டி பிந்தி வந்து, வேட்டை வாரத்திலேயே விழுந்தது. சஷ்டி என்றால் சின்னம்மா பாலும் பழமும்தான். அந்த ஆறு நாளும் அந்த வீட்டு எறும்புகூடப் பயமில்லாமல் நடக்கும்.

ஆகவே சித்தப்பா, வேலை ஆட்களோடு ‘கொட்டேஜ்’ என்ற ஏரிக்கரை விடுமுறை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, கராஜுக்குள் புகுந்துகொண்டார்.

அங்கே மேசையில் ஒரு இரும்புப் பிரஸ் பூட்டியிருந்தது. இடியப்ப உரலின் தம்பி போல இருக்கும். அதன் தலையில் திருகிப் பூட்டுகிற தடித்த அச்சுக்குத்தான் டை என்று பெயர். மற்றத் துவக்குகளின் தோட்டாவுக்குப் போத்தல் மாதிரிக் கழுத்து உண்டு. சித்தப்பாவின் தோட்டாவுக்குக் கழுத்தே இல்லை. அடியிலிருந்து நுனிவரை புல்லாங்குழல் போல நேராக நிற்கும். அதற்கு மூன்று டை வேண்டும். ஒன்று, சுட்டு உப்பிய பித்தளைக் கோதைப் பழைய அளவுக்கு இறுக்கும். அடுத்தது கோதின் வாயை மயிரிழை அளவு விரிக்கும். பிறகு மருந்து, அதாவது வெடிமருந்து, போட்டால், கடைசி டை குண்டை உள்ளே இருத்தி வாயை மூடும். ஒவ்வொன்றையும் சரியான ஆழத்துக்குத் திருகி நிறுத்துவதற்குப் பெயர்தான் டை செற் பண்ணுவது. சித்தப்பா கால் திருகு திருகுவார், ஒரு கோதை விட்டுப் பார்ப்பார், வெளிச்சத்தில் பிடிப்பார், தலையாட்டுவார், மறுபடி திருகுவார்.

“வாயை அளவாத் திறக்கோணும் பிள்ளை. கூடத் திறந்தால் கோதும் பழுது, மனுசனும் பழுது.”

“டை எண்டால் சாகிறதெல்லே?” என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அதுதான்.

“இது சாகிற டை இல்லை.”

“அப்ப ஆர் சாகிறது?”

சித்தப்பா வீட்டுக் கதவைப் பார்த்தார். “மெல்லக் கதை. சின்னம்மா கேட்டால் உண்மையைச் சொல்லு, சஷ்டி நேரம். கேளாட்டிச் சொல்லாதை.”

சின்னம்மா கேட்டார். எனக்குப் பாணுக்குள் சீஸ் வைத்துக்கொண்டே, “உந்தக் குளிருக்கை கராஜிலை என்ன செய்யிறார்?” என்றார்.

“டை செற் பண்ணுறார்.”

“டையோ?”

“ஓம். மூண்டு டை. முதலாவது இன்னும் சரிவரேல்லையாம். அது சரிவந்தால் மருந்து போடுவாராம்.”

சின்னம்மா பாணை அப்படியே வைத்துவிட்டு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். காலடி கேட்டுச் சித்தப்பா பிரஸின் மேல் ஒரு துவாயை எறிந்துவிட்டு, மறைத்துக்கொண்டு நின்றார்.

“டை பூசப் போறியளாம்.”

சித்தப்பா என்னைப் பார்த்தார். துவாயைப் பார்த்தார். இல்லை என்றால், பிறகு வேறு என்ன என்று சொல்லவேண்டும். சொன்னால் வேட்டை இல்லை. மீசை வெள்ளை, தலையில் காதோரம் மட்டும் கொஞ்சம் முடி. அவ்வளவையும் பணயம் வைத்து, “ஓம்” என்றார்.

“ஆருக்குக் காட்ட?”

“ஒருத்தருக்கும் இல்லையப்பா. கூட வாறதெல்லாம் இளம் பெடியள்.”

“மூண்டு டை எண்டு பிள்ளை சொல்லுது. தலைக்கு ஒண்டு. மீசைக்கு ஒண்டு. மற்றது?”

சித்தப்பா முகத்தைத் தடவி இடம் தேடினார்.

“புருவத்துக்கு.”

சின்னம்மா சிரிக்கவில்லை. அன்றைக்கே கடைக்குப் போய்ப் பெட்டி வாங்கிவந்தார். குசினிக் கதிரையில் சித்தப்பாவை இருத்தி, கழுத்தைச் சுற்றிக் குப்பைப் பையைக் கட்டினார். தலைக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. மீசைக்குத்தான் வேலை. புருவத்துக்கு வந்தபோது சித்தப்பா, “உது வேண்டாமே” என்றார்.

“நீங்கள்தானே சொன்னியள். அசையாதேங்கோ.” சின்னம்மா தூரிகையைத் தோய்த்தார். “விரத நாளிலை ஒராளைப் பொய் சொல்ல வைக்கிறதும் பாவமாம். அதுதான் நான் கனக்கக் கேக்கேல்லை.”

சித்தப்பா ஏதோ சொல்ல வாய் திறந்தார்.

“வாயை மூடுங்கோ. மீசை காயேல்லை.”

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று சித்தப்பா கதிரையில் சாய்ந்துவிட்டார். அந்தப் பழமொழியையும் மீசை காய்ந்த பிறகுதான் சொல்ல முடிந்தது. கழுவித் துடைத்து எழும்பியபோது, எப்போதும் எதையோ கண்டு திடுக்கிட்ட ஆள் போல இருந்தார்.

அடுத்த இரண்டு பின்னேரமும், பூசியது சரியாகப் பிடித்ததா என்று கண்ணாடி பார்க்கப் போவதாகச் சொல்லிக் கராஜுக்குப் போனார். அங்கே கண்ணாடி கிடையாது. சின்னம்மா அதையும் கேட்கவில்லை. மூன்று டையும் சரிவந்து, தோட்டாக்கள் வரிசையாக ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஏறின.

வெள்ளி இரவு நான் அங்கேயே தங்கியிருந்தேன். சனிக்கிழமை காலை, வேலை நண்பர்களின் வாகனம் வாசலில் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கிச் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தவர்கள், மரியாதைக்காக உடனே வேறு பக்கம் திரும்பினார்கள். சின்னம்மா இடியப்பமும் சொதியும் கட்டிக் கொடுத்தார். பிறகு கையிலிருந்த பையிலிருந்து புதுத் தொப்பி ஒன்றை எடுத்தார். விலைச்சீட்டுக்கூட வெட்டவில்லை. கண்ணைக் குத்தும் செம்மஞ்சள் நிறம். எட்டிச் சித்தப்பாவின் தலையில் வைத்து, அந்தக் கறுத்த புருவம்வரை இழுத்துவிட்டார்.

“கொட்டேஜுக்குத்தானே போறன்” என்றார் சித்தப்பா.

“ஓம், கொட்டேஜுக்குத்தான். கழட்டாதேங்கோ. தூரத்திலை நிக்கிறவைக்கும் மனுசன் எண்டு தெரியோணும்.”

சித்தப்பா தொப்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறிப் போனார்.

துவக்கோடு காட்டுக்குள் போகிறவர்கள், மற்றவர்கள் மான் என்று நினைத்துச் சுட்டுவிடாமல் இருக்க அணியும் நிறம் அது என்று எனக்கு அப்போது தெரியாது. வாகனம் வீதி முனையில் திரும்பும்வரை சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கறுப்பு மீசைக்குச் செம்மஞ்சள் கொஞ்சமும் பொருந்தவில்லை. பாவம் சின்னம்மா, இவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து, கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன்.