விரதக்காரி

போன ஐப்பசியில் கந்தசஷ்டி விரதத்துக்குக் காப்புக் கட்டிக்கொண்டபோதே என்னிடம் ஒரு பொய் இருந்தது. சீனி வருத்தத்துக்கு ஊசி போடத் தொடங்கிய பிறகு பட்டினி கிடக்கவே கூடாது என்று கிளினிக்கில் டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதன்படியே நடந்தேன். காலையில் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு இடியப்பம் சாப்பிடுவேன். வாயை நன்றாகக் கொப்பளித்து, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் முருகன் கோயிலுக்குப் போவேன்.

சாப்பிட்டதில் பிழையில்லை. ஐயரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுச் சாப்பிடலாம்தானே என்று கணவரும் கேட்டார். எனக்கு மனம் வரவில்லை. கல்யாணம் முடித்து இந்த ஊருக்கு வந்த நாள் தொட்டு, மிளகும் தண்ணீருமாக விரதம் இருப்பவள் என்று பெயர் எடுத்தவள் நான். மண்டபத்தில் தூணோரமாக எனக்கென்று ஓர் இடம் இருந்தது. நான் போனால் பெண்கள் விலகி வழி விடுவார்கள். அதை இழக்க நான் தயாராக இல்லை.

அந்த முறை புதிதாக ஒரு பெண் வந்திருந்தார். கிளிவெட்டியில் வயல் செய்கிற குடும்பம். மகளின் பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக இங்கே பக்கத்தில் பாலையூற்றில் வந்து தங்கியிருந்தார். மத்தியானத்தில் நாங்கள் எல்லோரும் வாடிப்போய் இருக்கும்போது அவர் முகம் மட்டும் தெளிந்திருந்தது. பூசைக்கு முன் ஒரு சின்னப் பையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய் வருவார். ஒளித்துக்கொண்டு போவதாகவே எனக்குத் தெரிந்தது. திரும்பி வரும்போது வாயைத் துடைக்கும் விதமும் எனக்குப் பழக்கமானதுதான்.

“சாப்பிட்டுட்டு வந்து விரதக்காரி மாதிரி இருக்கிறா” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் அந்த மண்டபத்தில் என் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது. அடுத்த நாள் அவர் வந்து உட்கார்ந்ததும் அருகிலிருந்த பெண்கள் எழுந்து வேறு பக்கம் போனார்கள். பூமாலை கட்ட அவர் கை நீட்டியபோது ஒருத்தி பூத்தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் கண்ணை மூடி முருகன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சூரன்போருக்கு முதல் நாள் நல்ல மழை. மண்டபத்தில் ஆட்கள் குறைவு. அவர் எழுந்து நேரே என்னிடம் வந்தார். நான் சொன்னதை அறிந்து சண்டைக்கு வருகிறார் என்றே நினைத்தேன். அவர் என் முன்னால் உட்கார்ந்தார்.

“அக்கா, மகளுக்கு நாள் கிட்டுது. பிள்ளை குறுக்க கிடக்குதெண்டு சொல்லினம். நீங்கள் ஒருக்கா அவளுக்காகக் கும்பிடுவீங்களோ?”

நீங்களே கும்பிடலாம்தானே என்றேன்.

“நானும் கும்பிடுறன்தான். எனக்குக் குளிசை இருக்கு, வெறும் வயித்தில போட ஏலாது. பிஸ்கட் சாப்பிட்டுத்தான் போடுறனான். அதை ஐயரிட்டயும் முருகனிட்டயும் முதலே சொல்லிப்போட்டன். நீங்கள் சுத்தமா விரதம் இருக்கிறனீங்கள். நீங்கள் கேட்டா அவர் தருவார்.”

பெண்கள் தன்னை விட்டு விலகுவதையும் அவர் கவனித்திருந்தார். ஊர்ப் பழக்கத்தில் தான் சத்தமாகக் கதைத்தது பிடிக்கவில்லையாக்கும் என்றார். ஒருவரையும் குறை சொல்லவில்லை. மறைக்க அவரிடம் எதுவும் இல்லாததால், மற்றவர்கள் மறைப்பார்கள் என்றும் அவருக்குத் தோன்றவில்லை. நானோ என் குசினியில் இருந்ததை அவருடைய பையில் கண்டிருந்தேன். அத்தனை நாளும் முருகனுக்கு முன்னால் இருந்துகொண்டு நான் செய்த தியானம் அதுதான்.

என் முகம் கொதித்தது. “எனக்கும் சீனி வருத்தம். நானும் காலமை சாப்பிட்டுட்டுத்தான் வாறனான்” என்றேன்.

அவர் கொஞ்சமும் திகைக்கவில்லை. “அதுக்கென்ன அக்கா, வருத்தத்தோட எப்பிடிப் பட்டினி கிடக்கிறது?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகும் மகளுக்காகக் கும்பிடச் சொன்னார். கும்பிட்டேன். சின்னப் பிழையைச் சொல்லிவிட்டு, அவரைப் பற்றி நான் கதைத்த பெரிய பிழையை விழுங்கிவிட்டேன்.

சூரன்போர் அன்று, முதலில் யாரிடம் அதைச் சொன்னேனோ அவரிடம் போய், அந்தப் பெண் வருத்தத்துக்குக் குளிசை போடுகிறவர், ஐயருக்கும் தெரியும், நான் பிழையாகக் கதைத்துவிட்டேன் என்றேன். என் இடியப்பத்தைப் பற்றி அவரிடம் வாய் திறக்கவில்லை. “உங்கட மனம் ஆருக்கு அக்கா வரும்” என்று அவர் இன்னும் கொஞ்சம் விலகி எனக்கு இடம் விட்டார். நான் அந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

மகளுக்குச் சத்திரசிகிச்சை செய்து பிள்ளையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் சுகம். செய்தி சொல்ல அவர் என் வீட்டுக்கே வந்தார். நான் கும்பிட்டதுதான் பலித்தது என்றார். கதிரையில் இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தேன். அவரைப் பற்றிக் கதைத்தது நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். வெளியே பெய்த மழை விடும்வரை அவர் பேரப்பிள்ளையின் கதையையே கதைத்துக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.