இடது பக்கம் இறங்கி வா

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். படத்தில் தெரியாத எதையும் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. இன்றைக்கும் என் இடது தோளைப் படம் எடுத்தால் உள்ளே உலோகத் தகடு தெரியும். அது எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எனக்கும் என் அண்ணிக்கும் ஆகவே ஆகாது. ஒரே ஃப்ளாட், ஒரே சமையலறை, இரண்டு அதிகாரம். அவள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். வீட்டிலும் வாயில் விசிலை வைத்துக்கொண்டே பேசுவாள். அண்ணன் பேக்கரியில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன். எங்கள் சண்டையில் பறிபோனது அவன் தூக்கம்.

"ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு நாள் எங்கயாவது போய்த் தொலைங்க. நான் நிம்மதியா தூங்கணும்."

எங்கள் இருவருக்கும் பிடித்த ஒரே விஷயம் மலை ஏறுவது. சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்தோம். நீர்த்தேக்கத்தின் கரையில் காரை நிறுத்த வேண்டும். அங்கிருந்து ஐந்து மலைகள், அவற்றைக் கோத்துச் செல்லும் முகடுகள், சுற்றி வந்து மறுபடி அதே கார். பொழுது விடிவதிலிருந்து சாய்வது வரை நடை.

"வலப்பக்கமா சுத்துவோம். பெரிய ஏத்தம் காலையிலேயே முடிஞ்சிடும்" என்றேன்.

"முட்டி கழண்டுடும். இடப்பக்கமா போனாத்தான் பனி இறங்கறதுக்குள்ள அந்த ஒடுக்கத்தத் தாண்ட முடியும்."

"நான் சொன்னா உங்களுக்கு எதுவுமே ஆகாது."

"ஆகற மாதிரி சொல்லு."

அவள் சொன்ன ஒடுக்கம் மூன்றாவது மலைக்கும் நான்காவது மலைக்கும் நடுவில் இருந்தது. அங்கே முகடு கத்தி விளிம்பு மாதிரி மெலிந்துவிடும். ஏறிவிட்டால் நாலாவது மலை வரை இறங்க வழியே கிடையாது. இரு பக்கமும் பாதாளம். வரைபடத்தில் அந்த இடத்தைப் பென்சிலால் சுழித்து வைத்தவளே நான்தான்.

கடைசியில் அண்ணி சொன்னபடியே கிளம்பினோம்.

இரண்டாவது மலை உச்சியில் வெடித்தது. "தண்ணி பத்தாதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல? உனக்கு எப்பவுமே அலட்சியம்!" என்றாள். நானும் விடவில்லை. "நீங்க வந்த நாள்லேர்ந்து அந்த வீட்டுல எனக்கு மூச்சு முட்டுது" என்றேன். அவள் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டாள்.

அப்போதுதான் பனி இறங்கியது. சொல்லி வைத்தாற்போல.

பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. அரை மணி நேரம் தனியாக நடந்தேன். மூன்றாவது உச்சியில் கற்குவியல் அருகே ஓர் உருவம். அண்ணியின் பச்சை ஜாக்கெட். தலையை மூடிய தொப்பி. முதுகு மட்டும் என் பக்கம்.

"வா" என்றது குரல். அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் நடந்தது.

நானும் பின்னால் போனேன். ஒடுக்கம் தொடங்கியது. காற்று இல்லை. என் பூட்ஸ் கல்லில் உரசும் சத்தம் மட்டும்... சரக்... சரக்...

அவள் காலடிச் சத்தம் கேட்கவே இல்லை.

இன்னொன்றும் உறைத்தது. இவ்வளவு நேரத்தில் அவள் என்னை ஒரு குறைகூடச் சொல்லவில்லை.

என் போன் அடித்தது.

அந்த உயரத்தில் சிக்னல் கிடைக்காது. எடுத்துப் பார்த்தேன். திரையில் 'அண்ணி'.

முன்னால் பார்த்தேன். அவள் இரண்டு கைகளாலும் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஹலோ..."

"நான் வீட்டுல இருக்கேன்." அண்ணியின் குரல்தான். அதே விசில் குரல். "ரெண்டாவது மலையிலேயே திரும்பி வந்துட்டேன். உன் முன்னால போறது யாரு?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பேசாத. அதுக்குக் கேட்டுடும். இடது பக்கம் புல் சரிவு இருக்கு. இடது பக்கம் இறங்கி வா."

முன்னால் இருந்த உருவம் மெல்லத் திரும்பியது. தொப்பிக்குள் முகம் தெரியவில்லை. ஒரு கை மட்டும் நீண்டது.

"கையக் குடு."

"இறங்கி வா..." என்றது போன்.

"கையக் குடுடி!"

நான் இடது பக்கம் காலை வைத்தேன்.

கீழே ஒன்றுமில்லை.

விழுந்தேன்...

தோளில் 'மளுக்'கென்ற சத்தம். யாரோ என் பையின் வாரைப் பிடித்திருந்தார்கள். போன் கையிலிருந்து நழுவியது. அது விழுந்த சத்தம் கடைசி வரை கேட்கவில்லை.

அண்ணிதான் இழுத்துப் போட்டாள். தொப்பி விலகியிருந்தது. அழுது அழுது வீங்கிய முகம்.

"உன் முன்னால அழக் கூடாதுன்னுதான் திரும்பாம நடந்தேன்... எதுக்குடி அங்க கால வச்சே?"

"நீங்க போன்ல சொன்னீங்களே..."

"என்கிட்ட போன் ஏது? கட்டில்லயே விட்டுட்டு வந்துட்டேன். சொன்னா நீ குத்திக் காட்டுவேன்னு வாயத் திறக்கல."

அண்ணி என்னைப் பாறையில் சாய்த்து உட்கார வைத்தாள். ஜாக்கெட்டைக் கிழித்து என் கையைக் கட்டினாள். என் இடுப்புப் பட்டியைப் பிடித்த கையை அவள் காரைப் போய்ச் சேரும்வரை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, தகடு வைக்கும் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு வீடு வந்தபோது அண்ணன் ஹாலில் உட்கார்ந்து, வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். என் கட்டை அவன் பார்க்கவே இல்லை. அண்ணியைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"நீ... உள்ளதானே இருந்தே?"

"என்ன உளர்றீங்க?"

"மத்தியானம் சாப்பிட எழுந்து வந்ததுலேர்ந்து நம்ம ரூம் கதவு தாழ் போட்டிருக்கு. உள்ள நீ போன்ல பேசிட்டிருந்தே. 'இடது பக்கம் இறங்கி வா'ன்னு... நீ சண்டை போட்டுத் திரும்பி வந்துட்டேன்னு நினைச்சு நான் சோஃபாவுலயே படுத்துட்டேன். இப்பக்கூட சட்டை எடுக்கணும்னு தட்டினேன். பதில் வந்துச்சே..."

மூவரும் அந்தக் கதவைப் பார்த்தோம்.

அண்ணன் தோளால் இடித்துத் திறந்தான். உள்தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது. எங்கள் வீடு நாலாவது மாடி. ஜன்னலில் கம்பி. அறைக்குள் யாரும் இல்லை. கட்டிலில் அண்ணியின் போன் மட்டும் கிடந்தது. தொட்டேன். சுட்டது.

அந்த மாதமே மூவரும் வீடு மாறினோம். தட்டியபோது உள்ளிருந்து என்ன பதில் வந்தது என்று அண்ணன் நெடுநாள் சொல்லவில்லை. ஒரு நாள் அண்ணி இல்லாத நேரத்தில் என்னிடம் மட்டும் சொன்னான்.

"'அவ இன்னும் வந்து சேரல. வந்ததும் திறக்கறேன்'னு சொல்லிச்சு."