பிலிமா, பேப்பரா

கழற்றிய கப்பாசிட்டரை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்ப்பார் கோபாலசிங்கம். மீன் மணம் அடித்தால் உள்ளே கசிந்துவிட்டது என்று அர்த்தம். காலையில் இத்தாலியின் பலேர்மோ நகர அடுக்குமாடிகளில் படி துடைக்கிறார். மத்தியானத்துக்குப் பிறகு போர்கோ வெக்கியோப் பகுதி வீட்டில் அவருடைய குசினி மேசை ஆம்பிளிஃபயர் வைத்தியசாலை.

கப்பாசிட்டர் விஷயத்தில் அவருக்கு ஒரு பலவீனம் இருந்தது. வால்வு ஆம்பில், ஒரு வால்வின் மின்னழுத்தத்தை மறித்துப் பாட்டை மட்டும் அடுத்த வால்வுக்கு அனுப்புவது கப்பாசிட்டர். அதற்குப் புதிய பிளாஸ்டிக் பிலிம் வகை நம்பிக்கையானது. "ஆனா பிலிமில சத்தம் துப்பரவு, அவ்வளவுதான். எண்ணெய்ப் பேப்பரிலதான் கனியும்" என்பார். எண்ணெயில் ஊறிய பழைய பேப்பர் வகை நாளாக ஆகக் கசியும் என்பது அவருக்கே தெரியும்.

துறைமுகத்தில் வேலை செய்த ஜோக்கிம் கிட்டார் வாசிப்பவர். இவருடைய நெருங்கிய சிநேகிதர். தன் மகள் கேசிகாவின் கல்யாணத்தில் தானே மெட்டுப்போட்ட பாட்டை வாசிக்க வேண்டும் என்று தன் ஆம்பைக் கொண்டுவந்தார். "பிலிமே போடுங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கோபாலசிங்கம் சொல்லாமல் பேப்பரைப் போட்டார்.

மண்டபத்தில் பாட்டு முதல் சரணத்தைத் தாண்டவில்லை. கப்பாசிட்டர் கசிந்து, வால்வு சிவந்து, டிரான்ஸ்போமர் புகைந்தது. ஜோக்கிம் கிட்டாரைக் கீழே வைத்தார். "பரவாயில்லை, சாப்பாட்டைப் போடுங்கோ" என்றார். மறுநாள் ஆம்பை இவருடைய வாசலில் வைத்துவிட்டுப் போனவர், பிறகு ஜெனோவாவுக்கே குடிபெயர்ந்தார்.

"ஒருக்கா ஏசியிருந்தா மன்னிப்புக் கேட்டிருப்பன். அதுக்கும் இடம் தரேல்ல" என்று பக்கத்து வீட்டில் இருக்கும் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆம்பை எப்போதோ திருத்திவிட்டார். ஜோக்கிமுக்குப் போன் எடுக்கத்தான் துணிவு வரவில்லை.

போன கிழமை நான் அங்கே இருந்தபோது கேசிகா வந்தாள். ஜெனோவாக் கப்பலில் வந்திறங்கியவள்.

"அப்பா சுகமோ பிள்ளை?"

"பாரிசவாதம் வந்தது மாமா. இடக்கை வராது. இனி வாசிக்க ஏலாது."

கோபாலசிங்கம் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பாட்டை நான் பழகுறன். அதுக்குத்தான் ஆம்பை எடுக்க வந்தனான். அப்பா ஒண்டுதான் கேக்கச் சொன்னவர், இப்ப என்ன போட்டிருக்கிறியள் எண்டு."

அவர் எழுந்து ஆம்பை மேசையில் தூக்கி வைத்தார். பின்மூடியின் திருகாணிகளைக் கழற்றினார்.

"பிலிம்தான். ஒரு படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்புங்கோ."

அவள் போனைத் தூக்கினாள். அவர் சட்டை நுனியால் கப்பாசிட்டரின் தூசியைத் துடைத்துவிட்டு, தன் நிழல் அதில் விழாதபடி விலகி நின்றார்.