ஈரப்புடவையும் பனிமலைப் படமும்

போன மார்கழியில், எங்கள் ஊர் திருவண்ணாமலையில், கிரிவலப் பாதையில் நடந்த விஷயம் இது. ஆனால் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் பார்த்த ஒரு படத்தைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

தமிழில் டப்பிங் செய்த வெளிநாட்டுப் படம். பனிமலையில் வழி தவறிய இரண்டு நண்பர்கள் எப்படி உயிரோடு திரும்பி வருகிறார்கள் என்பதுதான் கதை. பாட்டு கிடையாது, சண்டை கிடையாது, எங்கு பார்த்தாலும் வெள்ளை வெளேரென்று பனி. வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலில் நான், என் கணவர், பக்கத்துத் தெருவில் இருக்கும் என் நாத்தனார் மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். நாத்தனார் என் கணவருக்கு அக்கா. நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.

அதில் ஒரு காட்சி. ஒருத்தன் பனி உடைந்து ஆற்றுக்குள் விழுந்துவிடுகிறான். வெளியே இழுத்துப் போட்டதும் வெடவெடவென்று நடுங்குகிறான். கொஞ்ச தூரம் நடந்ததும் நடுக்கம் நின்றுவிடுகிறது. வாய் குழறுகிறது. குளிரவே இல்லை என்று சொல்லிக்கொண்டு கோட்டைக் கழற்றப் பார்க்கிறான். நண்பன் பதறிப்போய், உடம்பில் சூடு தீர்ந்துபோனால்தான் நடுக்கம் நிற்கும் என்று கத்திக்கொண்டே, அவனுடைய ஈரத்துணி முழுவதையும் உருவிவிட்டுத் தன் கம்பளியைச் சுற்றிக் கட்டிப் பிடித்துக்கொள்கிறான்.

"நடுக்கந்தான் நின்னுடுச்சே, அப்புறம் ஏன் இவன் இந்தக் குதி குதிக்கிறான்?" என்றார் அண்ணி.

"குளிர்ல சாவறவனுக்கு இருக்குற துணியையும் கழட்டுறானுங்க. நல்லா காதுல பூ சுத்துறானுங்க. வெயில்ல வதங்குற ஊருக்கு இந்தப் படமெல்லாம் யார் கேட்டாங்க?" என்றார் என் கணவர்.

எனக்குச் சுருக்கென்றது. நான் வாயை மூடிக்கொண்டு டி.வி. பார்க்கிறவள் இல்லை. படம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சண்டை பிடித்தேன். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் நீளமாக எழுதிப் போட்டேன். ஒருத்தர்கூட என் பக்கம் இல்லை. ஹீரோயினே இல்லையே என்றார் ஒருவர். பாதியில் தூங்கிவிட்டேன் என்றார் இன்னொருவர். ஆரணியில் இருக்கும் கொழுந்தனார், "அண்ணிக்கு ஸ்வெட்டர் ஒண்ணு பார்சல்" என்று என்னைக் கிண்டல் செய்து போட்டு, அதற்குப் பத்துப் பேர் சிரித்தார்கள். போங்கடா என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அந்த வாரமே அண்ணி தன் வேண்டுதலை முடிக்கக் கிளம்பினார். அவர் வீட்டுக்காரருக்கு, அதாவது எங்கள் மாமாவுக்கு, இதய ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால், ஈரப்புடவையோடு மலையைச் சுற்றி வருவதாக வேண்டிக்கொண்டிருந்தார். அவரும் பிழைத்து எழுந்துவிட்டார். சும்மா ஒரு தடவை நனைந்துவிட்டு நடப்பதல்ல அந்த வேண்டுதல். புடவை காயவே கூடாது. அதனால் பாதையில் வரும் அஷ்ட லிங்கங்கள் ஒவ்வொன்றின் முன்னாலும் தலையோடு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். பச்சைத்தண்ணீர் பல்லில் படாத விரதம் வேறு. துணைக்கு நான் போனேன்.

விடிந்துதான் கிளம்பினோம். ஆனால் வெயில் என்ற பேச்சே இல்லை. வானம் மூட்டம் போட்டு, சாரல் விட்டுவிட்டுப் பெய்தது. காற்று ஆளைத் தள்ளியது. நான் குடையும் சால்வையுமாக நடந்தேன். அண்ணி ஒல்லியான தேகம், வயது ஐம்பதைத் தாண்டியவர். பல் கிட்டித்துப்போய் நடுங்கிக்கொண்டே வந்தார். இன்னொரு நாள் வரலாமே என்று கெஞ்சிப் பார்த்தேன். சாமியிடம் போய்த் தவணை கேட்கச் சொல்கிறாயா என்று முறைத்தார்.

பாதி தூரத்தில் இருக்கும் அடி அண்ணாமலையை நெருங்கும்போது அவர் நடுக்கம் நின்றுவிட்டது.

எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. நடந்து நடந்து உடம்பு சூடாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் கால் பின்னுகிறது. கூப்பிட்டால் திரும்பவில்லை. முகம் வெளுத்து, உதடு நீலம் பாரித்திருந்தது. ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு இப்ப குளிரே இல்லம்மா. புழுங்குது" என்று குழறிக்கொண்டே முந்தானையை இழுத்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் படத்தில் பார்த்த அதே முகம், அதே பேச்சு. கையைத் தொட்டால் ஐஸ்.

அதற்குள் கிரிவலம் வந்தவர்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். விஷயம் கேட்டதும் ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். குளிர் தெரியாமல் போய்விட்டது என்றால் வேண்டுதலை சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தமாம், அருள் வந்திருக்கிறதாம், யாரும் தொடக் கூடாதாம். கூட இருந்த ஒரு அம்மா மிச்ச லிங்கங்களுக்கு உரிய தண்ணீரையும் இங்கேயே ஊற்றிவிடலாம் என்று அண்ணியின் சொம்பைக் கையில் எடுத்துவிட்டார். நான் அதைப் பிடுங்கி ஓரமாக வீசினேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

எதிரிலேயே ஒரு டீக்கடை. அங்கிருந்த அக்காவிடம் ஓடி, உள்ளே கொஞ்சம் இடம் கொடுங்கள், காய்ந்த துணி எது இருந்தாலும் கொடுங்கள் என்றேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. இரண்டு பேரும் கைத்தாங்கலாக அண்ணியைக் கடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு அழைத்துப் போனோம். கதவைச் சாத்திவிட்டுப் புடவையில் கை வைத்தேன். அவ்வளவு நேரம் துவண்டு கிடந்தவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"கழட்டாத. வேண்டுதல் கெட்டுடும். மாமாவுக்கு எதுனா ஆயிடும்."

அந்த நிலைமையிலும் அவருக்குப் பயம் தன் உயிரைப் பற்றி இல்லை. எனக்கும் ஒரு நொடி கை நின்றது. நாளைக்கு மாமாவுக்கு ஏதாவது ஆனால் குடும்பமே என்னைத்தான் கைகாட்டும். சொன்னால் வெட்கம், ஆனால் நினைத்தேன்.

"சும்மா இரு அண்ணி. மாமா பொழச்சி வந்தது நீ சாவறதுக்கா?" என்று அதட்டினேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரை "ங்க" போடாமல் நான் பேசியது அன்று ஒரு தடவைதான்.

ஈரத்தை எல்லாம் உருவி எறிந்தோம். டீக்கடை அக்கா தன்னுடைய நைட்டியை மாட்டிவிட்டு, தலையைத் துவட்டி, இரண்டு கம்பளியைச் சுற்றினார். நானும் கம்பளிக்குள் நுழைந்து அண்ணியை இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஆம்புலன்சுக்கு அக்காவே போன் போட்டார். நான் அண்ணியைத் தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று கேட்காதீர்கள், பாதி திட்டு, பாதி அழுகை.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அண்ணியின் உடம்பு மறுபடியும் வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தது. டீக்கடை அக்கா பயந்துபோனார். நான் சிரித்தேன். ஒரு மனுஷி நடுங்குவதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஈரத்துணியோடு இன்னும் கொஞ்ச தூரம் நடந்திருந்தால் கஷ்டம் என்றார். யார் சொல்லிக் கழற்றினீர்கள் என்று கேட்டார். டி.வி.யில் பார்த்தேன் மேடம் என்றேன், தகவல் கேட்டு ஓடிவந்து பக்கத்தில் நின்ற என் கணவருக்கும் காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று சாயங்காலம் குரூப்பில் அவரே நடந்ததை எழுதி, படம் நல்ல படம்தான் என்று கடைசியில் சேர்த்திருந்தார். ஆரணியிலிருந்து கை கூப்பின பொம்மை ஒன்று வந்தது.

அண்ணி தேறி எழுந்ததும் என்னைத்தான் முதலில் கேட்டார், வேண்டுதல் பாதியில் நின்றுபோச்சே என்று. தை பிறந்ததும் நல்ல வெயிலில், வயிறு நிறைய இட்லி சாப்பிட வைத்து, காய்ந்த புடவையில் அதே டீக்கடை வாசலிலிருந்து மிச்ச தூரத்தை நடத்திக் கூட்டிப்போனேன். மாமாவும் ஆட்டோவில் கூடவே வந்தார். ராஜகோபுரத்துக்கு முன்னால் அண்ணி கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, என்ன நினைத்தாரோ, கையிலிருந்த திருநீற்றை மாமாவுக்குப் பூசும் முன்னால் என் நெற்றியில் பூசினார்.

பெரிய படிப்பு, உத்தியோகம் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அண்ணி தெருமுனையில் காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் குரல் கேட்கும்போதெல்லாம், இந்தக் குரல் இன்னும் இந்தத் தெருவில் கேட்பதற்கு நானும் ஒரு காரணம் என்று நெஞ்சு நிமிர்கிறது. அந்தப் பெருமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.