சாவடிக்கு விளம்பரம் தேடி அலைந்தவன்

தருமம் செய்கிறவனைவிட, தருமம் நடக்கிறது என்று ஊருக்குச் சொல்லப் போகிறவனுக்குத்தான் செருப்பு சீக்கிரம் தேய்கிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள், இருந்து ஓய்ந்தவர்கள், யாரோ சிபாரிசு செய்து மாட்டிக்கொண்டவர்கள், எல்லோருக்கும் இது தெரியும். மடமோ, பள்ளிக்கூடமோ, எதுவாக இருந்தாலும் சபையார் கூடி உட்கார்ந்து, வெற்றிலை போட்டு முடித்து, கடைசியில் ஒரே தீர்மானத்துக்குத்தான் வருவார்கள். ஊருக்கு நன்றாகத் தெரியவேண்டும், ஆனால் செலவு ஆகக்கூடாது. இதை நிறைவேற்ற ஒரு ஆள் வேண்டும். சிராங்கூன் ரோட்டில் டிராம் புதிதாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில், சொற்பச் சம்பளத்துக்கு அந்த ஆள் நான்.

எங்களுடையது நோயாளிச் சாவடி. கப்பல் துறையிலும் தோட்டத்திலும் ரோட்டு வேலையிலும் உடம்பு கெட்டு, கூலி லயத்திலிருந்து வெளியே போகச் சொல்லப்பட்டவர்களைப் படுக்க வைத்துக் கஞ்சி ஊற்றும் இடம். அத்தாப்பு ஓலைக் கூரை, சில பாய்கள், ஒரு பெரிய பானை, அவ்வளவுதான். நாலைந்து குமாஸ்தாக்கள் சேர்ந்து நடத்தினார்கள். சாவடி இருந்த கொட்டகை, மாட்டு வியாபாரி முத்துக்கருப்பருடையது. மாடு இல்லாமல் காலியாகக் கிடந்ததால் கொடுத்திருந்தார். தைப்பூசம் வரைக்கும் இருந்துகொள்ளுங்கள், அதற்குள் ஊர் உங்களைத் தாங்க முன்வந்தால் மேற்கொண்டு பார்ப்போம், இல்லாவிட்டால் எனக்குக் கப்பலில் மாடு வருகிறது என்று சொல்லியிருந்தார்.

உள்ளே மாரியப்பன் படுத்திருந்தான். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை சரிந்து விழுந்து கால் நசுங்கியவன். சாவடி மூடினால் அவன் போய்ப் படுக்க வேண்டிய இடம் கடை வாசலில் ஐந்தடி அகல நடைபாதை, அந்த அஞ்சடிதான். அங்கேயும் கடைக்காரர் காலையில் தண்ணீர் ஊற்றி எழுப்பிவிடுவார். நான் எத்தனை கதவு தட்டினாலும் என் மனதில் இருந்தது அந்தக் கால்தான்.

நோட்டீஸ்

அச்சுக்கூடம் வைத்திருந்த நண்பர் ஒருவர், வேறு வேலையில் மிஞ்சிய காகிதத்தில் இலவசமாக நோட்டீஸ் அடித்துக் கொடுத்தார். வாசகம் எங்கள் காரியதரிசியுடையது. புண்ணியவான்களையும் சீமான்களையும் கூப்பிட்டுக் கூப்பிட்டே முக்கால் பக்கம் போய்விட்டது. சாவடி எங்கே இருக்கிறது என்பது கடைசி வரியில் பொடி எழுத்தில் இருந்தது. அவர் எழுத்தில் கை வைக்க யாருக்குத் தைரியம்? உங்கள் சபையிலும் இப்படி ஒருவர் இருப்பார், இல்லாமல் இருக்கமாட்டார்.

கடை கடையாக ஏறிக் கொடுத்தேன். எல்லோரும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் பார்த்தால் தெருமுனையில் கச்சாங் விற்கிறவர் எங்கள் நோட்டீஸில் கூம்பு சுற்றிக் கடலை கொடுத்துக்கொண்டிருந்தார். நான் முதுகைத் திருப்பியதும் கடைக்காரர்கள் கட்டோடு அவரிடம் தள்ளிவிட்டிருக்கிறார்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். இவர் கூடை போகாத சந்து உண்டா? ஆகவே பக்கத்தில் போய் நயமாக, எழுத்து வெளியே தெரிகிற மாதிரி சுற்றமுடியுமா என்று கேட்டேன். அவர் ஒரு கூம்பை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"சுத்தறேன். அடுத்த தடவை கொஞ்சம் தடிச்ச பேப்பரா அடிங்க, இதுல எண்ணெய் எறங்குது."

தப்பு

படிக்கத் தெரியாத ஜனங்களுக்கு நோட்டீஸ் எதற்கு என்று சபையில் ஒருவர் கேட்டார். அதை அடிப்பதற்கு முன்பே கேட்டிருக்கலாம். சரி, தண்டோரா போடுவோம் என்று முடிவானது. ரோட்டில் கொட்டு அடிக்கப் போலீஸ் அனுமதி வாங்குவதற்குள் எனக்கு வயது கூடிவிட்டது. காசு வாங்காமல் வந்து அடிக்கச் சம்மதித்தவர் தப்புக்காரர் காத்தான் ஒருவர்தான். நல்ல மனிதர், நல்ல கை. ஆனால் இத்தனை காலமும் சாவு வீடுகளுக்கு மட்டுமே அடித்தவர்.

அவர் முதல் அடி அடித்ததும் சிராங்கூன் ரோட்டில் கடைக்காரர்கள் பாதிக் கதவைச் சாத்தினார்கள். பிணம் போகும்போது அப்படிச் செய்வது வழக்கம். ரிக்‌ஷாக்காரர்கள் ஓரம் கட்டினார்கள். நான் தொண்டை கிழிய நோயாளிச் சாவடி என்று கத்தினால், எந்த நோயாளி, எப்போது போனான் என்று கேட்டார்கள். வேறு அடி அடியுங்கள் என்று காத்தானிடம் கெஞ்சினேன். அவரும் முயன்றார். கொஞ்ச தூரம் கல்யாண அடி மாதிரி ஏதோ வந்தது, பிறகு கை தானாகப் பழைய வழிக்கே போய்விட்டது.

சாவடி வாசலுக்கு நாங்கள் திரும்பி வந்தபோது பின்னால் சிறு கூட்டமே வந்திருந்தது. ஒருவர் கையில் மாலைகூட இருந்தது. கொட்டு தன்னை நோக்கி வந்து வாசலில் நின்றதை மாரியப்பன் உள்ளே படுத்தபடி கேட்டிருக்கிறான். நான் உள்ளே போனபோது பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் பயமே இல்லை. அதுதான் என்னை அன்றைக்குச் சோறு தின்னவிடாமல் செய்தது.

"என்னண்ணே, கொஞ்சம் முன்னாடியே வந்துட்டாங்களா?"

உபயம்

நம்மவர்களுக்கு உபயம் என்றால் பெயர் வேண்டும். குத்துவிளக்கு கொடுத்தால் அடியில் பெயர் வெட்டுவார்கள், திரியில் இடம் இருந்தால் அதிலும் வெட்டுவார்கள். இதைக் குறை சொல்லி என்ன பயன், பயன்படுத்திக்கொள்வோம் என்று நினைத்தேன். சாவடியின் முன்பக்கப் பலகைச் சுவரில், காய்கறியோ விறகோ எது கொடுத்தாலும், கொடுத்தவர் பெயரைச் சுண்ணாம்பால் எழுதுவதாகச் சொன்னேன். பால்கார ராமசாமி தினம் ஒரு செம்பு பால் அனுப்ப ஒப்புக்கொண்டார். நகைக்கடைக்காரர் ஒருவர் விறகு அனுப்பினார். ஆனால் இரண்டு பேருக்கும் தங்கள் பெயர்தான் முதலில் வரவேண்டும். பெயர்களை வட்டமாக எழுதிவைத்தேன். ராமசாமி அதன் முன் நின்று கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்துவிட்டு, எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் திருப்தியாகப் போனார். என் தொழில் வாழ்க்கையில் நான் பெருமைப்படும் வேலை அது ஒன்றுதான்.

பிறகு மழைக்காலம் வந்தது. சிங்கப்பூர் மழை சுண்ணாம்பை விட்டுவைக்குமா? சுவர் சுத்தமாகக் கழுவிப்போயிற்று. மறுநாள் பால் வரவில்லை. மாட்டுக்கு உடம்பு சரியில்லையோ என்று ராமசாமியின் தொழுவத்துக்குப் போனேன். மாடு நன்றாகத்தான் இருந்தது. அவர் என்னை உட்காரவைத்து ஒரு குவளை பால் கொடுத்தார்.

"பேரு போயிடுச்சுன்னு சொன்னாங்க. எழுதி வைங்க, பால் தானா வரும்."

பெயர் வேண்டாம் என்றவர்

ஆற்றோரம் மரைக்காயர் ஒருவருக்கு, பெயரை இங்கேயும் சொல்லமாட்டேன், அரிசிக் கிட்டங்கி இருந்தது. நாகூர்ப் பக்கத்திலிருந்து அவர் தகப்பனார் காலத்திலேயே வந்து வியாபாரம் செய்த குடும்பம். போய்ப் பேசினேன். மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மாரியப்பனுக்கு என்ன வயது என்று மட்டும் கேட்டார். ஒன்றும் கொடுக்கவில்லை. இன்னொரு கதவு என்று எண்ணிக்கொண்டு திரும்பிவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை ஒரு மாட்டு வண்டி வந்து ரங்கூன் அரிசி மூட்டை ஒன்றை இறக்கிவிட்டுப் போனது. அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தது.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பெயரை எப்படி எழுதவேண்டும் என்று கேட்கக் கிட்டங்கிக்கு ஓடினேன். எழுதினால் அரிசி நின்றுவிடும் என்றார். நானும் விடவில்லை. அவரைப் போன்ற பெரிய மனிதர் பெயர் ஒன்று சுவரில் இருந்தால் மற்றவர்கள் தானாக வருவார்கள், சாவடி நிலைக்கும் என்று நியாயம் பேசினேன். யாரிடமும் சொல்வதில்லை என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்.

"தம்பி, நான் குடுக்கிறது அல்லாஹ்வுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிஞ்சதே ஒரு ஆள் அதிகம்."

காளை

மாட்டுப் பொங்கல் வந்தது. முத்துக்கருப்பரின் காளைகள் தெருவில் ஊர்வலம் போகும், ஊரே பார்க்கும். அதில் பெரிய காளையின் விலாவில் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். நல்ல மனநிலையில் இருந்தார், சரி என்றார். ஒரு பக்கம் சுண்ணாம்பிலும் மறுபக்கம் காவியிலும் நோயாளிச் சாவடி என்று எழுதினேன். காளை அசையாமல் நின்றது. அத்தனை ஒத்தாசை சபையில் யாரும் எனக்குச் செய்ததில்லை.

ஊர்வலம் பாதி வழி போனதும் வெயில் தாங்காமல் காளை நேரே ரோச்சோர் கால்வாயில் இறங்கிவிட்டது. மேலே ஏறி வந்தபோது காவி கரைந்து ஒரு பக்கம் வெறும் செம்மண் நிறம். மறுபக்கம் சாவடி போய், நோயாளி மட்டும் மிச்சமிருந்தது. ஜனங்கள் ஒதுங்கி நின்றார்கள். விலை பேச வந்தவர்கள் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு நழுவினார்கள். முத்துக்கருப்பர் என்னைத் தேடிக்கொண்டு சாவடிக்கே வந்துவிட்டார். மாரியப்பன் கேட்கும்படிதான் பேசினார்.

"ஊரு முன்வந்தா பார்ப்போம்னு சொன்னேன்ல, அந்தப் பேச்சே இனிமே இல்ல. பூசம் முடிஞ்ச மறுநாள் காலைல மாடு வந்து நிக்கும்."

வாயை மூடிக்கொண்ட நாட்கள்

அதற்குப் பிறகு எனக்கு உற்சாகமே போய்விட்டது. யாரையும் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள்தான் என்னைக் கேட்டார்கள். வாரா வாரம் வண்டியில் மூட்டை வருகிறதே, யார் கொடுக்கிறார்கள்? சொல்லக்கூடாது என்று வாக்கு, அதனால் சொல்லமாட்டேன் என்றேன். சவரக் கடையில் கேட்டார்கள், அங்கேயும் அதையே சொன்னேன். பெயர் சொல்லாமல் கொடுக்கிறவர் என்று ஒருவர் இருக்கமுடியும் என்பதையே நம் ஊர் நம்பவில்லை. நம்பிய பிறகு அது யார் என்று கண்டுபிடிக்காமல் தூக்கமும் வரவில்லை.

முதலில் ராமசாமியைச் சந்தேகப்பட்டார்கள். நீங்களா என்று கேட்டதற்கு அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாராம். அன்றிலிருந்து அவருக்குத் தெருவில் தனி மரியாதை. அதைக் காப்பாற்ற வேண்டுமே, ஒரு செம்பு பால் இரண்டு செம்பாயிற்று. நகைக்கடைக்காரரும் கேட்டவர்களிடம் லேசாகச் சிரித்துவைத்தார், விறகு வண்டியோடு வந்தது. காய்கறி வந்தது, பழைய வேட்டிகள் வந்தன. எல்லோரும் சாயங்காலம் பார்த்து வாசலில் வைத்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். ஒருநாள் ராமசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மழை விட்டபின் நான் மறுபடி பெயர்கள் எழுதியிருந்த சுவரைக் காட்டினார்.

"என் பேரை அழிச்சிடுங்க. அது இருந்தா, பால் மட்டும்தான் குடுக்கிறேன்னு நினைச்சுக்குவாங்க."

பூசத்துக்கு மறுநாள்

சாமான் வந்து என்ன செய்ய, வைக்க இடம் வேண்டாமா? முத்துக்கருப்பரிடம் பேசச் சபையார் யாரும் முன்வரவில்லை. பூசத்தன்று காவடிக் கூட்டத்தில் நான் அவரைத் தூரத்தில் பார்த்தேன். ஜனங்கள் அவருக்கு வழிவிட்டுக் கும்பிட்டதைக் கவனித்தேன், காரணம் அப்போது புரியவில்லை.

மறுநாள் காலை பாய்களைச் சுருட்டிக் கட்டிவைத்தேன். மற்றவர்களைத் தெரிந்த வீடுகளில் கெஞ்சிச் சேர்த்தாயிற்று. மாரியப்பனை மட்டும் ஏற்க ஆளில்லை. அவன் துணி மூட்டையை மடியில் வைத்து, கழியை ஊன்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நோட்டீஸும் கொட்டும் காளையும் இவனுக்கு ஒரு பாய் விரிக்கும் இடத்தைப் பிடித்துத் தரவில்லையே என்று அழுகை வந்தது. காளைகளை ஓட்டிக்கொண்டு முத்துக்கருப்பர் வந்தார். தெருவில் போனவர்கள் ஒவ்வொருவராக நின்று அவரைக் கும்பிட்டார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. கொட்டகையே இவருடையது, அப்படியானால் அரிசியும் இவருடையதாகத்தான் இருக்கும் என்று ஊர் தானாகத் தீர்ப்பு எழுதிவிட்டது.

மாரியப்பனுக்கும் அந்தச் செய்தி எட்டியிருக்கிறது. கழியை விட்டுவிட்டு, கதவைப் பிடித்தபடி எழுந்து நின்று இரண்டு கையையும் குவித்தான். அவன் அப்படி நின்றதை அன்றுதான் நானே பார்த்தேன். ஐயா போட்ட கஞ்சியில்தான் இந்தக் கால் ஊன்றுகிறது என்றான். முத்துக்கருப்பர் அவன் காலைப் பார்த்தார், தெருவில் நின்றவர்களைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். அது அவர் இல்லை என்று தெரிந்தவர்கள் அங்கே அவரும் நானும்தான். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் மரைக்காயருக்குக் கொடுத்த வாக்கும் போகும், மாரியப்பனும் அஞ்சடிக்குப் போவான்.

காளைகளை ஊருக்கு வெளியே கம்பத்துக் குடிசைகள் பக்கம் ஓட்டிப் போகச் சொல்லி ஆளை அனுப்பினார். சுருட்டிக் கட்டிய பாய்களைக் காலால் தட்டி, அவிழ்த்துப் போடு என்று எனக்குச் சைகை காட்டினார். பிறகு என்னை மறைவாக அழைத்துப் போய், யார்தான் கொடுக்கிறார்கள் என்று கேட்டார். சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லது. கடைசி வரைக்கும் சொல்லிடாதீங்க."

ஆக, தொண்டை வற்றக் கத்தி நான் ஒரு வருஷம் செய்யமுடியாத விளம்பரம் நான் வாயை மூடிக்கொண்ட சில நாளில் நடந்துவிட்டது, இது சபையாருக்குத் தெரிந்தால் சும்மா இருப்பதற்கு எதற்குச் சம்பளம் என்று கேட்பார்கள் என்பதால் அவர்களிடம் மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.