தெரணியகலையிலிருந்து இரத்தினபுரிக்கு: மாத்திரை போடாத அண்ணியோடு

தீபாவளி முடிந்த வாரம் அண்ணியை இரத்தினபுரி கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அவருக்கு மார்பில் வந்த புற்றுநோய் இப்போது முதுகெலும்பு வரை போயிருக்கிறது. அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை என்பதால் நான் கொழும்பிலிருந்து முதல் நாளே அவர்கள் இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு வந்துவிட்டேன். நோயாளியோடு இதே வழியில் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

காலை ஐந்து மணிக்கு த்ரீவீல். தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து தெரணியகலை டவுனுக்கு ஆறு கிலோமீட்டர், எண்ணூறு ரூபாய். மழைக்கு ரோட்டில் கல்லெல்லாம் பெயர்ந்து கிடந்தது. ஒவ்வொரு குழிக்கும் அண்ணி என் கையை இறுக்கினார்.

“அண்ணே, கொஞ்சம் மெதுவா போங்க,” என்றேன்.

“இதுக்கு மேல மெதுவான்னா எறங்கித்தாங்க தள்ளணும்,” என்றார் டிரைவர். ஆனாலும் மெதுவாகத்தான் ஓட்டினார்.

பிறகு அவிசாவளைக்கு ஒரு பஸ், அங்கே மாறி இரத்தினபுரிக்கு இன்னொன்று. இரண்டாவது பஸ்ஸில் அண்ணி முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் குனிந்தே இருந்தார்.

“வலி மாத்திர போட்டீங்களா அண்ணி?”

“போன மாசத்துலருந்தே போடல. ராத்திரில திரும்பிக்கூட படுக்க முடியல.”

மோர்பின் மாத்திரை வீட்டில் அப்படியே கிடக்கிறதாம். யாரோ போனில் ஒரு வீடியோ காட்டியிருக்கிறார்கள்.

“வலிச்சா ஒடம்புலயே அபின் மாதிரி ஒரு மருந்து ஊறுதாம் புள்ள. அதுதான் கட்டிய வளரவுடாம புடிச்சி வைக்குதாம். மாத்திர போட்டா ஊறாதாம். அதான் தாங்கிக்கிட்டு இருக்கேன்.”

பொய் என்று சொல்ல எனக்குப் படிப்பு போதாது. சரி என்று சொல்லவும் மனம் வரவில்லை.

கிளினிக்கில் டொக்டர் ஓர் இளம்பெண், சிங்களத்தில் பேசினார். நான் விஷயத்தைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. உடம்பு அப்படிப்பட்ட பொருட்களைச் சுரப்பது உண்மைதான் என்றார். அவற்றில் ஒன்று, ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த புற்றுச் செல்கள் பெருகுவதை மந்தமாக்கியிருக்கிறது. வேறு சில, கட்டி வளரத் துணைபோகுமோ என்ற சந்தேகமும் இருக்கிறது. மனித உடம்பில் எது என்ன செய்கிறது என்று இன்னும் முழுதாகத் தெரியாது. ஆனால் வலியைத் தாங்கினால் கட்டி அடங்கும் என்று யாரும் கண்டதில்லை.

“அப்ப நான் இவ்வளவு நாள் தாங்குனது?” அண்ணியே சிங்களத்தில் கேட்டார்.

டொக்டர் அண்ணியைப் பார்த்தே பதில் சொன்னார். கட்டிக்கு அதனால் ஒன்றும் ஆகியிருக்காதாம். அதைத் தமிழில் சொல்ல நான் வாயெடுத்தேன்.

“சொல்லாத. வெளங்கிருச்சி.”

புதிதாகக் கிடைத்த மாத்திரையை ஆஸ்பத்திரிக் குழாயடியிலேயே விழுங்கினார். ஒரு மணி நேரம் போல கழித்து, பஸ் ஸ்டாண்டில், “பசிக்குது புள்ள,” என்றார். மீன் வைத்த மாலு பணிஸ் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பாதி தின்றதும் அழுதார்.

“வீணாத்தான் தாங்கியிருக்கேன்.”

அழுதுகொண்டே மீதியையும் தின்றார்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். பஸ்ஸில் கடைசி சீட்டு வேண்டாம், தூக்கித் தூக்கிப் போடும். மாத்திரையை டொக்டர் சொன்ன நேரத்துக்குப் போட்டுவிட்டே புறப்படுங்கள். மலச்சிக்கலுக்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். வீடியோவில் கேட்டதை வெட்கப்படாமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.

நோய் குறையவில்லை. அடுத்த கிளினிக்குக்கும் இதே மூன்று வண்டிதான், நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது. நேற்று அண்ணி எனக்குப் போன் எடுத்தார்.

“ராத்திரி திரும்பிப் படுத்தேன் புள்ள,” என்றார்.