எழுந்திருக்கச் சொல்லத் தெரியாதவர்

மோர்ச்சோற்றின் கடைசிக் கவளமும் உள்ளே போய்விட்டது. இலையில் மிச்சமிருந்த அப்பளத் துணுக்குகளை விரலால் ஒற்றித் தின்றுகொண்டிருந்தேன். பக்கத்து இலைக்கார அம்மா தன் மருமகளைப் பற்றி ஆரம்பித்திருந்தார், நல்ல சுவாரசியமான கட்டம். அப்போதுதான் என் நாற்காலியின் முதுகில் யாரோ கை வைத்தார்கள். திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் பக்கத்து விருந்துகளில் அந்தக் கைக்கு ஒரே அர்த்தம்தான். அடுத்த பந்திக்கு ஆள் நிற்கிறது, நீ சாப்பிட்டு முடித்துவிட்டாய், இனி எழுந்திருப்பது உன் மரியாதை. வாயைத் திறந்து யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். கை பட்டதும் எனக்கு முதலாளி ஞாபகம் வந்துவிட்டது. வராமல் எப்படி இருக்கும்? விருந்தே அவர் வீட்டு விருந்துதான், அவருடைய இளைய மகளின் பிள்ளைக்குக் காதுகுத்து.

இன்ஜினியரிங் முடித்த கையோடு நான் வேலைக்குச் சேர்ந்தது தேனியில் அவர் வைத்திருந்த கம்ப்யூட்டர் கடையில். முன்பக்கம் பிரிண்டர் மை விற்போம், பின்பக்கம் வெப்சைட் போட்டுக் கொடுப்போம். கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரர், போடி ஏலக்காய் வியாபாரி, குச்சனூர்ப் பக்கம் சனிக்கிழமை மட்டும் நிரம்பி வழியும் ஒரு லாட்ஜ் என்று எங்களுக்கு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அத்தனை பேருடைய பக்கங்களும் எங்கோ வாடகைக்கு எடுத்திருந்த ஒரே ஒரு சர்வரில் இருந்தன. அந்த சர்வருக்கு நான் ஒருத்திதான் ஆள். முதலாளி என்னை 'ஆத்தா' என்றுதான் கூப்பிடுவார். பாராட்டினாலும் ஆத்தா, திட்டினாலும் ஆத்தா. குரலை வைத்து எது என்று கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

சர்வரின் கான்ஃபிகரேஷன் ஃபைல் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. வரிக்கு ஒரு பெயர், பக்கத்தில் அதற்கு ஒரு மதிப்பு. எந்த வாசலில் காத்திருப்பது, ஒரே நேரத்தில் எத்தனை பேரை உள்ளே விடுவது, இல்லாத பக்கத்தைக் கேட்டு யாராவது வந்தால் என்ன சொல்லி அனுப்புவது என்று எழுதி வைத்திருக்கும். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவதைப் போலத்தான். முதலாளிக்கு ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் தெரிந்தாக வேண்டும். "நம்ம பேர்ல ஓடுற மிசினு. நமக்குத் தெரியாம ஒரு வார்த்த பேசப்படாது" என்பார். அர்த்தம் சொன்னதும் அதை விருந்தாளி சமாச்சாரமாக மாற்றிக்கொள்வார். வெப்சைட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவருக்கு வீட்டு வாசலில் வந்து நிற்கும் மனிதர்கள்.

'நாட் ஃபவுண்ட்' என்ற பக்கத்தை முதல்முறை பார்த்தபோது அவர் முகம் சுண்டிப்போனது. "தேடி வந்த மனுசன ஒத்த வார்த்தையில மூஞ்சியில அடிச்சாப்புல சொல்றதா?" என்று கேட்டுவிட்டு, எர்ரர் டாக்குமெண்ட் என்ற வரியில் காட்டுவதற்குத் தானே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். 'நீங்கள் தேடி வந்த பக்கம் இங்கே இல்லை. சிரமத்துக்கு மன்னிக்கவும். வெளியூர்க்காரர்கள் சற்று இளைப்பாறிவிட்டு முகப்பு வழியாகப் போகவும்.' லாட்ஜ்காரர் அதைப் பார்த்துவிட்டு, இளைப்பாற அறை வாடகை எவ்வளவு என்றும் சேர்த்துப் போடச் சொன்னார்.

யாரையாவது உள்ளே விடாமல் தடுக்க எழுதும் 'டினை' என்ற சொல்லோ அவருக்கு ஆகவே ஆகாது. ஒருமுறை எவனோ ஒருவன் எங்கள் பாஸ்வேர்டு பக்கத்தை விடாமல் தட்டிக்கொண்டிருந்தான். அவன் வரும் கம்ப்யூட்டரின் முகவரியைத் தடுக்க அனுமதி கேட்டேன்.

"எந்த ஊர்க்காரன் ஆத்தா?"

"தெரியல சார். இந்த நாடே இல்ல."

"அம்புட்டுத் தொலவுல இருந்து வாரானா?" என்று சற்று யோசித்தார். "என்ன கஷ்டமோ, பாவம்."

அவன் திருடன் என்பதை அவர் தலையில் ஏற்றுவதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. தேடுபொறிகளின் ரோபோக்கள் வந்து போவதை மட்டும் பெருமையாக எல்லாரிடமும் சொல்வார். "தெனமும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போறாக. நம்ம சொந்தக்காரன் ஒருத்தன் வாரானா?"

இப்படியே போய் ஒருநாள் கீப் அலைவ் என்ற வரியில் வந்து நின்றோம். ஒருவர் ஒரு பக்கத்தைப் பார்த்து முடித்த பிறகும், இன்னொன்று கேட்பாரோ என்று சர்வர் கொஞ்ச நேரம் அவருடைய இணைப்பைத் துண்டிக்காமல் வைத்திருக்கும். எவ்வளவு நேரம் என்பதுதான் அந்த வரி. அவருக்குப் புரிகிற பாஷையிலேயே நானும் சொன்னேன். "பந்தியில நூத்தம்பது நாற்காலிதான் சார். சாப்ட்டு முடிச்சவுக எந்திரிச்சாத்தான் நிக்கிறவுக உக்கார முடியும். முடிச்சபெறகு அஞ்சு நொடி பொறுத்துப் பாத்துட்டு எழுப்பி விட்ரும்." நாற்காலியைக் கூட்டவும் வழியில்லை. கூட்டினால் மெமரி தாங்காமல் சமையற்கட்டே படுத்துவிடும் என்றும் சொன்னேன். உதாரணம் நன்றாக அமைந்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் கர்வம். அந்த உதாரணம்தான் வினையாகப் போனது.

"அஞ்சு நொடியா?" என்றார். நான்தான் நேரில் நின்று யாரையோ கையைப் பிடித்து எழுப்பிவிட்டதைப் போலப் பார்த்தார். "சாப்ட்ட மனுசன் ஏப்பம் விட வேணாமா? நாலு வார்த்த பேச வேணாமா? நம்ம வீட்டுப் பந்தியில ஒருத்தர எந்திரின்னு சொல்லி எனக்குப் பழக்கமில்ல ஆத்தா." ஐந்து நொடியை அழித்துவிட்டு அரை மணி நேரம் என்று போடவைத்தார். அந்த வரியில் இனி யாரும் கை வைக்கக் கூடாது என்றும் உத்தரவு. மல்லுக்கட்டிப் பார்த்தேன், மசியவில்லை. உண்மையைச் சொன்னால் அதனால் ஒரு குறையும் வரவில்லை. எங்கள் வெப்சைட்டுகளுக்கு அன்றைக்கு வந்துகொண்டிருந்த கூட்டத்துக்கு ஆளுக்குக் கட்டிலே போட்டுக் கொடுத்திருக்கலாம்.

பிறகு அவருடைய இளைய மகளுக்குக் கல்யாணம் வந்தது. கம்பத்துக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர் மாதா கோவிலில் திருப்பலி, தாலி எல்லாம். மூத்த மகள் அயர்லாந்தில் நர்ஸ். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மா இல்லாத வீட்டில் தங்கைக்குத் தலை பின்னி, டிபன் கட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தது அவள்தான். லீவு இல்லை என்று தெரிந்த அன்று முதலாளி சாயங்காலமாகத்தான் கடைப்பக்கம் வந்தார். நேரே என் மேசைக்கு வந்து நின்றார். "நம்ம சர்வர்லயே லைவ் போட்ருவோம் ஆத்தா. அவ கண்ணால பாக்கணும்." இதற்கென்று இருக்கிற பெரிய தளங்களில் போடலாமே என்றேன். "எம் பொண்ணு கழுத்துல தாலி ஏறுறப்ப எவனாவது பனியன் வெளம்பரம் போடுவான்" என்று மறுத்துவிட்டார். ஆக அத்தனை ஏற்பாடும் ஒருத்திக்காக. ஆனால் ஒருத்திக்கு மட்டும் இலை போட அவருக்குக் கை வருமா? கோவில் வாசலில் ஃபிளெக்ஸ் அடித்து, க்யூஆர் கோடு போட்டு, 'அனைவரும் கண்டு ஆசீர்வதிக்க வருக' என்று எழுதிவிட்டார்.

கல்யாணத்தன்று பாடகர் குழுவுக்குப் பக்கத்தில் லேப்டாப்போடு நான் உட்கார்ந்திருந்தேன். பிரசங்கம் முடியும் தறுவாயில் முதலாளி போனும் கையுமாக என்னிடம் ஓடி வந்தார். போனில் மூத்தவள். "சுத்திக்கிட்டே இருக்குப்பா. உள்ள விடமாட்டேங்குது. தாலி கட்டிட்டாகளா?"

லேப்டாப்பைப் பார்த்தேன். "எடமில்ல சார். நூத்தம்பதும் நெறஞ்சிருச்சு."

"யாரு உக்காந்திருக்கா?"

"இங்கன இருக்கவுகதான் சார்."

அவர் கோவிலைத் திரும்பிப் பார்த்தார். பெஞ்சு பெஞ்சாக எல்லாரும் தலை குனிந்திருந்தார்கள். பக்தி என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தோம். க்யூஆர் கோடைப் பிடித்து உள்ளே வந்து, லைவில் தன் முகம் தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்ததும் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பார்த்து முடித்தவர்கள் போனை அப்படியே மடியில் வைத்திருந்தார்கள். ஆனால் அரை மணி நேரத்துக்கு அவர்கள் நாற்காலி அவர்களுக்குத்தான்.

முதலாளி பங்குச் சாமியாரின் காதில் போய் ஏதோ சொன்னார். சாமியாரும் பெரிய மனது பண்ணி மைக்கிலேயே அறிவித்தார். "நேரில் வந்திருப்பவர்கள் செல்போனில் லைவ் பார்ப்பதைத் தயவுசெய்து நிறுத்திவிடவும்." அதுவரை லைவ் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் ஒழுங்காக ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் போனை வெளியே எடுத்தார்கள்.

"இனி ரீஸ்டார்ட்தான் சார்" என்றேன். "அத்தன பேரையும் ஒரே தட்டா வெளிய தள்ளிரும். பெறகு ஆளாளுக்கு வந்துக்கிறலாம்." அவரிடம் கேட்காமலே செய்திருப்பேன். ஆனால் அது அவர் வீட்டுப் பந்தி.

"மரியாதையா எழுப்புறதுக்கு வழியே இல்லையா?"

"கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட்னு ஒண்ணு இருக்கு. உக்காந்திருக்கவுக தானா எந்திரிக்கிற வரைக்கும் பொறுத்திருக்கும்."

"அதப் போடு!"

"அவுக எந்திரிக்க அரை மணி நேரமாகும் சார். நீங்கதான் குடுத்தீக."

பீடத்தில் சாமியார் தாலியைத் தட்டோடு கையில் எடுத்துவிட்டார். போனில் மூத்தவள் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். முதலாளி கண்ணை இறுக மூடிக்கொண்டார். "எல்லாரையும் எழுப்பி விடு ஆத்தா" என்றார். அந்தக் குரலை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் அவரிடம் கேட்டதில்லை. அரை மணி நேரத்தை அழித்து இரண்டு நொடி என்று போட்டு ரீஸ்டார்ட் கொடுத்தேன். போனை என் கையில் திணித்துவிட்டு அவர் எங்கோ போனார்.

"வந்துருச்சு, வந்துருச்சு!" என்று மூத்தவள் என் காதில் கத்தினாள். "தங்கச்சி தெரியுறா! சேல நல்லாருக்கு!" பிறகு குரல் மாறியது. "அப்பா ஏன் கும்புடுறாக?"

நிமிர்ந்து பார்த்தேன். முதலாளி கேமராவுக்கு நேர் முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, எழுப்பிவிடப்பட்ட அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். கல்யாணத்தில் முக்கால்வாசி அவருக்குப் பின்னால் இருந்தது.

"தள்ளச் சொல்லுங்க, மறைக்கிறாக! தாலி கட்டப் போறாக!"

ஓடிப் போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பெண்ணைப் பெற்றவரைக் கோவிலுக்குள் வைத்து இழுத்தது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர் நகரவும் மாப்பிள்ளை குனியவும் சரியாக இருந்தது. எங்கள் பக்கம் தாலி ஏறிவிட்டது. ஆனால் வீடியோ போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அயர்லாந்தில் இன்னும் ஏறவில்லை. முதலாளி போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, முன்னால் நடப்பதைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி காத்திருந்தார். எல்லாரும் கைதட்டி ஓய்ந்த பிறகு அவள் குரல் எனக்கும் கேட்டது. "இப்பத்தான்ப்பா கட்டுறாரு." அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் அழுகைதான். நானும் அழுதேன்.

அடுத்த வாரமே இரண்டு நொடி ரொம்பக் குறைச்சல் என்று முனக ஆரம்பித்தார். கடைசியில் ஐந்துக்கு ஒப்புக்கொண்டார். இன்றைக்குக் கோயம்புத்தூரில் ஏழெட்டு சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த வரிக்கு வரும்போதெல்லாம் கை கூப்பிய முதலாளி வந்து திரையை மறைத்துக்கொள்வார். கொஞ்சம் தள்ளுங்க சார் என்று மனதுக்குள் சொல்லிவிட்டுத்தான் ஐந்தைப் போடுவேன்.

நாற்காலி முதுகில் இருந்த கை அசையவில்லை. பக்கத்து இலைக்காரம்மா மருமகளின் தம்பி வரைக்கும் வந்துவிட்டார். அப்போது எதிரே முதலாளி வந்து நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது. கையில் தண்ணீர் ஜக். பந்தியில் ஒருத்தரை எழுந்திருக்கச் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் என் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார்.

"ஆத்தா, அஞ்சு நொடி எப்பவோ ஆயிருச்சு" என்றார். "எந்திரி. எம்மக நிக்கிறா."

திரும்பினேன். லீவு கிடைத்து வந்திருந்த மூத்தவள் நாற்காலியைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றாள். இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.